அக்கா வீட்டுத் தமிழ்

போன ஆடி மாதம் என் அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வலது கையும் காலும் விழுந்து, பிறகு மெல்ல மெல்ல அசைவு திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. தலையசைத்தார், சிரித்தார், கோபித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. நினைவும் அறிவும் அப்படியே இருக்கின்றன, சொல்லை எடுத்துத் தரும் இடத்தில்தான் அடி பட்டிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வர வேண்டியது பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு வருவது கடினம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஒரு பயம்தான். இந்த மனிதர் கடைசிவரை தன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே இருந்துவிடுவாரோ என்ற பயம்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்த மாதங்களின் பக்கங்களில் வானிலைதான் அதிகம் இருக்கிறது. வெயில், புழுக்கம், மாலையில் கடற்காற்று. 'மாமா இன்றும் பேசவில்லை' என்று எழுதக் கை வராததால் அப்படி எழுதியிருக்கிறேன். அப்போது எழுதாமல் விட்டதை இப்போது வரிசையாக எழுதுகிறேன்.

மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் கடலூர்–சிதம்பரம் தடத்தில்தான் ஓடினார். குமராட்சிப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். இளவயதில் ஊர்ப் படிப்பகத்தில் கூடும் நண்பர்களோடு சேர்ந்து, இனிப் பிறமொழிச் சொல் கலக்காமல் பேசுவது என்று முடிவெடுத்தார். நண்பர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, அந்த முடிவை மறந்துபோனார்கள். மாமா மறக்கவில்லை. வேலை கிடைத்ததும் விசிலோடும் தோல்பையோடும் சேர்த்து அதையும் பேருந்துக்குள் ஏற்றிவிட்டார்.

நம் ஊரில் வண்டி புறப்பட வேண்டுமானால் நடத்துநர் 'ரைட்' சொல்ல வேண்டும். மாமா 'போகலாம்' என்பார். ஆரம்பத்தில் ஓர் ஓட்டுநர் கியரைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாராம். "நீ ரைட்டு சொல்லாம நான் எப்டிய்யா வண்டிய எடுக்கறது?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்பாராம். பின் இருக்கைக்காரர்கள் பொறுமை இழந்து 'ரைட், ரைட்' என்று குரல் கொடுத்த பிறகே வண்டி நகருமாம். அந்தக் காலத்தில் வண்டியை நடத்தியது பயணிகள்தான், நான் சும்மா கூடப் போனேன் என்று மாமாவே சொல்லிச் சிரிப்பார். பிறகு சிதம்பரத்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் அவரைக் கேலி செய்வதற்காக, மேடை நாடகத்து அரசனைப் போல 'போ...க...லாம்' என்று இழுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். சொல்லிச் சொல்லி அந்த இழுவை தேய்ந்தது. ஓட்டுநரின் காதுக்கும் பழகிவிட்டது. சில வருடம் கழித்து, ஒரு வேலையாகக் குறிஞ்சிப்பாடி போயிருந்தபோது, வடலூரிலிருந்து வந்த வண்டியில் ஓர் இளம் நடத்துநர் வெகு சாதாரணமாகப் 'போகலாம்' என்றதைக் கேட்டேன். அவருக்கு மாமா யாரென்றே தெரியாது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "நாங்க அப்டித்தாங்க சொல்லுவோம்" என்றார்.

ஒரு சொல் பரவும் விதத்தை அதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை. நான் வேலை பார்ப்பது சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில். அங்கே நாங்கள் 'கோப்பு' என்று எழுதுவோம். அது காணாமல் போனால் 'ஃபைல் எங்கே' என்றுதான் தேடுவோம். மேலிடத்து உத்தரவால் வந்த சொல், யாரும் அதை வைத்துக் கேலி பேசவில்லை, அதனால் தாளை விட்டு இறங்கவே இல்லை.

அக்கா மாமாவைச் சந்தித்ததும் பேருந்தில்தான். எங்கள் குடும்பம் கடலூருக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக்கும் குடும்பம். அக்கா தட்டச்சு வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஸ்டாப்பிங்கில் நிறுத்துங்கள் என்று கேட்டவளிடம், நிறுத்தத்தில் நிறுத்துகிறேன் என்றாராம் மாமா. அக்கா விடுவாளா? "எங்கூர்ல எறங்கற எடம்னுவோம். அதுவும் தமிழுதான். உங்க தமிழு மட்டும் இன்னா, இஸ்திரி போட்ட தமிழா?" என்று கேட்டிருக்கிறாள். இஸ்திரி தமிழ் இல்லையே என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா பேசாமல் விசில் அடித்தாராம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் விட்டுக்கொடுத்த ஒரே சொல் அதுதான் என்பாள் அக்கா.

கடல் குடும்பத்துக்கும் வயல் குடும்பத்துக்கும் சம்பந்தம் என்றபோது இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். மாமா எங்கள் கரைக்கு வந்து படகுகளுக்கிடையே உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஆட்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றையும் வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். அதே ஆட்கள் படகின் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முகம் வாடியது. எங்கள் அப்பா அதைக் கவனித்துவிட்டு, "மாப்ள, இன்ஜினுக்கு நீங்க ஒரு பேரு வைங்க. நடுக்கடல்ல நின்னுபோச்சின்னா, எந்தப் பேரச் சொன்னா கெளம்புதுன்னு பாப்போம்" என்றார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாமாதான். அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் விதி கடுமையாகத்தான் இருந்தது. ஜன்னல் அங்கே சாளரம். சைக்கிள் மிதிவண்டி. சோப்பு வழலை. சாவியைத் திறவுகோல் என்று கேட்டால்தான் கிடைக்கும். அவர்களுடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் வழலை என்று சொல்லப் போய், அந்த வருடம் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்து மாமா கொஞ்சம் இறங்கிவந்தார். வெளியில் வெளிச்சொல், வீட்டில் வீட்டுச்சொல் என்று சமாதானம் செய்தார். அதற்குப் பிறகு அவள் செருப்பை விடும் இடத்திலேயே சொல்லையும் மாற்றிக்கொள்ளப் பழகினாள். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நானும் அந்த வீட்டு வாசற்படி ஏறும்போது நாக்கை ஒரு தடவை திருத்திக்கொண்டுதான் ஏறுவேன். எரிச்சலாக இருந்த நாட்கள் உண்டு. அதற்காக ஒருநாள் நன்றி சொல்லுவேன் என்று அப்போது நினைத்ததில்லை.

பேச்சுப் பயிற்சிக்குச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். வாரத்தில் சில நாள் நான் அலுவலகம் போகும் காலை வண்டியிலேயே மாமாவையும் அக்காவையும் அழைத்துப்போவேன். பயிற்சி தந்தவர் குறிஞ்சிப்பாடிப் பெண். வயது குறைவு, பொறுமை மிக அதிகம். படங்களைக் காட்டி, சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்து, மீதியை மாமா சொல்லக் காத்திருப்பார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றும் எங்களுக்குச் சொன்னார்.

"ஈஸியான வார்த்தையா பேசுங்க, தெனமும் பொழங்கற வார்த்தை. ஒரு பொருளுக்கு ஒரே வார்த்தை. அவரு தப்பா சொன்னாலும் திருத்தாதீங்க."

எளிய வார்த்தை என்றால் ஊரார் சொல்லும் வார்த்தை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேறு யாராக இருந்தாலும் அதில் தவறு நேர்ந்திருக்காது. அன்று மாலையே அக்கா வீட்டு விதியைத் தூக்கிவிட்டாள். "அவுரு கஷ்டப்படறது போதும். இனிமே இந்த வூட்ல ஜன்னலுதான், சோப்புதான்" என்றாள். விதி போனதில் அவளுக்கு மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்காக அவருடைய பிடிவாதத்தையே பலி கொடுக்கிறவள் மாதிரி இருந்தாள். தொலைபேசியில் மகளிடமும் சொல்லிவிட்டாள். நானும் வாசற்படியில் நாக்கைத் திருத்துவதை நிறுத்தினேன்.

ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. பயிற்சியாளர் சைக்கிள் படத்தைக் காட்டி, "சை..." என்று எடுத்துக்கொடுப்பார். மாமா இரண்டு உதடுகளையும் இறுக்கி மூடிக்கொள்வார். நெற்றி வியர்க்க, மூடிய உதடு நடுங்க, அப்படியே உட்கார்ந்திருப்பார். முயற்சியே செய்யாமல் வாயை மூடிக்கொள்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். வீட்டில் இன்னும் மோசம். அக்கா சோப்பு என்று சொல்லி நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளாக ஆகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். மனது சோர்ந்துவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது என்றார் பயிற்சியாளர். மருத்துவர் சொன்ன மாதங்கள் கரைந்துகொண்டிருப்பது எங்கள் மூவருக்குமே தெரியும். திரும்பும் வழியில் மாமா அரைத் தூக்கத்தில் இருக்கும்போது அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வருவாளாம், பின்னால்தான் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் நான் அலுவலகத்துக்குப் போய்விடுவேன், எனக்குத் தெரியாது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. அக்கா துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மாமா வழக்கம்போல் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"டேய், சாளரத்த சாத்துடா. அவுரு மேல தண்ணி அடிக்கும்."

அவசரத்தில் புதுச்சொல் மறந்து, பழைய வீட்டுச்சொல் வந்துவிட்டது. நான் எழுந்து வருவதற்குள் மாமா இடது கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார். கொக்கியையும் மாட்டினார். பிறகு, "சாளரம்" என்றார்.

குரல் கரகரத்தது. சொல் முழுசாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொக்கியிலேயே இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நனைந்த துணிகளோடு இறங்கிவந்து, யார் பேசியது என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மாமா மறுபடியும் சொன்னார். அக்கா துணியைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு கையை உயர்த்தித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினாள்.

மாமா உதடுகளை இறுக்கி மூடினார்.

"மி..." என்றாள் அக்கா.

"மின்..." என்றார் அவர். மீதி அன்று வரவில்லை. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிள் படத்துக்கு முன்னால் அவர் மூடிக்கொண்டிருந்ததும் இதே உதடுதான். இத்தனை வாரமும் அவர் மிதிவண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் கையில் சைக்கிளைத் திணித்துக்கொண்டிருந்தோம்.

ஊருக்கு எளிய சொல் அவருக்கு எளிய சொல்லாக இல்லை. அந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகப் புழங்கியது சாளரமும் வழலையும்தான். ஏற்கெனவே பேச்சை இழந்தவரைச் சுற்றி, இரக்கப்பட்டு, வேறொரு ஊரை நாங்களே கொண்டுவந்து வைத்துவிட்டோம். தன் வீட்டிலேயே அவருக்கு வழி தெரியாமல் போனது.

அடுத்த முறை போனபோது பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "பொழங்கற வார்த்தைன்னு நான் சொன்னேன். உங்க வூட்ல பொழங்கறது இந்த வார்த்தைன்னு எனக்கு யாருமே சொல்லலியேங்க" என்றார். உண்மைதான். நானும் அக்காவும் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் யாரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அச்சடித்த படங்களை எடுத்து வைத்துவிட்டு, இனி உங்கள் வீட்டுப் பொருள்களையே படம் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். வழலை என்றால் என்ன என்று கேட்டுத் தானும் பழகிக்கொண்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

படம் பிடிக்கப் பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். கைப்பேசியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். எந்தப் பொருளை இந்த வீட்டில் உண்மையாகவே எப்படிச் சொன்னோம் என்பதில் தாய்க்கும் மகளுக்கும் பெரிய வழக்கு. குளிர்பெட்டி என்றாள் மகள்.

"உங்கப்பா வூட்ல இருந்தா குளிர்பெட்டி. இல்லன்னா ஃப்ரிட்ஜு" என்றாள் அக்கா.

"அப்ப என்ன மட்டும் ஏம்மா திட்டுன?"

"அவுரு இருந்தாரு, அதான் திட்டுனேன்."

கட்டிலிலிருந்து ஓர் உறுமல் வந்தது. காப்பிக்கு என்ன சொன்னோம் என்று மகள் கேட்டாள். "காப்பிதான். அவுரே காலங்காத்தால தூக்கக் கலக்கத்துல காப்பின்னுதான் கேப்பாரு" என்றாள் அக்கா. மாமா விரலை ஆட்டி ஆட்டி மறுத்தார். அவர் மறுக்க மறுக்க, அவர் அசந்த நேரத்தில் சொன்ன சொற்களை அக்கா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அந்த வீட்டில் ஆடிக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுத் தமிழ் நாங்கள் நினைத்த அளவுக்குத் தூய தமிழ் இல்லை என்று அன்று தெரிந்தது. அது அந்த மனிதரோடு குடும்பம் நடத்துவதற்காக இவர்கள் பேசிக்கொண்ட தமிழ். அவருக்குத் திரும்பிவர வழி அதில்தான் இருந்தது.

ஒவ்வொரு படத்தோடும் மகள் தன் குரலையும் பதிவு செய்தாள். கிணற்றடியில் குந்திக்கொண்டு, அழுத்தம் திருத்தமாக, "அப்பா, இது வழலை" என்று அவள் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அந்தச் சொல்லால் அவள் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். குரலில் அதன் தடமே இல்லை.

கார்த்திகையிலிருந்து சொற்கள் வரத் தொடங்கின. முதலில் வீட்டுப் பொருள்கள். பிறகு மகளின் பெயர், அக்காவின் பெயர், என்னைத் 'தம்பி' என்று. தை மாதத்தில் 'வேண்டும்', 'வேண்டாம்', 'போதும்'. எல்லாம் திரும்பிவிடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். இன்றும் இரண்டு சொல், மூன்று சொல் சேர்த்துப் பேசுவதே அவருக்கு மலையேறுகிற மாதிரி. வந்ததே போதும் என்று நாங்கள் இருக்கிறோம். அடுத்த கட்டமாக வெளியாட்களிடம் அவரே பேச வேண்டும், கூட இருப்பவர்கள் வாயைத் திறக்கவே கூடாது என்றார் பயிற்சியாளர்.

மாசியில் ஒருநாள் அக்காவுக்கு முட்டி வலி. நானும் மாமாவும் மட்டும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். அரசு வண்டியென்றால் அவருக்கும் எனக்கும் பாஸ் இருக்கிறது, காட்டினால் போதும், பேச வேண்டிய அவசியமே வராது. அன்று வந்து நின்றது தனியார் வண்டி. மாமா அதில்தான் ஏறினார். வேண்டுமென்றுதான் ஏறினாரா என்று நான் கேட்கவில்லை.

நடத்துநர் எங்களிடம் வந்து, எங்கே என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மாமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நடத்துநர் மறுபடி கேட்டார். பின்னால் ஒருவர், எனக்குக் கொடுத்துவிட்டு அங்கே போங்களேன் என்றார். நடத்துநர் என்னைப் பார்த்தார். அவரையே கேளுங்கள் என்று நான் கண்ணால் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டார். அந்தச் சில நொடிகளுக்காக அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். தட்டுத் தடுமாறி ஊர்ப்பெயர் சொல்லும் எத்தனையோ பேருக்காக மாமாவும் இப்படிக் கம்பியில் சாய்ந்து நின்றிருப்பார்.

"சிதம்பரம்" என்றார் மாமா. மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு டிக்கெட்" என்றார்.

நடத்துநர் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு நாளில் எத்தனையோ தடவை கேட்கிற சொல். மாமா வாயிலிருந்து நான் அதைக் கேட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். பயணிகள் வருடக்கணக்காக அவர் காதில் போட்ட சொல் எங்கோ தங்கியிருந்து, தேவைப்பட்டபோது முன்னால் வந்து நின்றிருக்கிறது.  ஆலப்பாக்கம் தாண்டியது. மாமா கையிலிருந்த துண்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் வருவதற்கு முன்னால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சீட்டு" என்றார். "ரெண்டு... சீட்டு."

முகத்தில் அத்தனை கோபம், தன்மேலேயே. அவர் தவறாகச் சொன்னால் திருத்தக் கூடாது என்று எங்களிடம்தான் சொல்லியிருந்தார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.  "அவுருகிட்ட குடு" என்றாள். கைப்பேசியை மாமாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா 'இல்லை' என்றார், 'தவறு' என்றார், ஒருமுறை பலமாக 'போடி' என்றார். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதும் இருவரும் சண்டையை முடிக்கவில்லை. என் கை வலித்தது. மற்றொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.